பிரேக்கில் செந்தூரம் வைத்தது யார்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இன்று இங்கே கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பியாகிய நான் கைகூப்பி எழுதுகிறேன்.

"மாமா, நினைவு மலர்ல அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். சின்ன வயசுலேருந்து கூடவே இருந்தவர் நீங்க ஒருத்தர்தான்" என்று அக்காவின் மகன் ஸ்ரீதர் கேட்டுக்கொண்டான். எழுதி முடித்ததும் தன்னிடம் காட்ட வேண்டியதில்லை, நேராக அச்சகத்தில் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னான். அவன் அப்படி நம்பிச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பயந்த சுபாவக்காரன். இது உங்களில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு ஓடும்போது, கேஸ் சிலிண்டரை மூடினார்களா என்று சமையற்கட்டை எட்டிப் பார்க்கிற ஆள் நான்தான். முப்பத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மோட்டார் விபத்துக் கோப்புகளைப் படித்துப் படித்துக் கண் கெட்டவன். ஒரு வண்டி எத்தனை விதமாக இடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அக்கா இதற்கு நேர் எதிர். எதற்கும் பதற மாட்டார். "தம்பி, இன்னும் எதுவுமே நடக்கலை. நடந்தப்புறம் பயப்படு" என்பார்.

அக்கா பிறந்தது மந்தைவெளியில், இரண்டே அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டில். எங்கள் தந்தையார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் சிறியதாக ஒரு பாத்திரக் கடை வைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா காலமானார். அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது. அதன்பிறகு எனக்குத் தலைவாரி, டிபன் டப்பா கட்டி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வளர்த்தவர் அக்காதான். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர் கல்லூரிக்குப் போக மாட்டார். அப்படியும் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார்.

அத்தானைத் திருமணம் செய்துகொண்ட சில வருடங்களில் ஒரு பழைய அம்பாசிடர் கார் வீட்டுக்கு வந்தது. வாங்கியவர் அத்தான். ஆனால் அவருக்கு ஓட்ட வரவில்லை. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் இருந்த முருங்கைக் கிளையோடு திரும்பி வந்து, சாவியை அக்காவிடம் நீட்டி, "இந்தா, இனிமே நீதான் டிரைவர், நான் முதலாளி" என்றாராம். அன்று தொடங்கி ஏறக்குறைய நாற்பது வருடம் அக்கா அந்தக் காரை ஓட்டினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிளக்கைக் கழற்றித் துடைப்பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், பஞ்சரான சக்கரத்தை மாற்றுவார். நம் குடும்பத்தில் பிரசவத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் அந்தக் காரில் போனவர்கள். அவர் ஓட்டி ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்த ஒரு வரியைத் தயவுசெய்து மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்தபோது அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அத்தானின் வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு இரண்டு மூன்று சொற்களில் நின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் அடையாற்றில் ஒரு நிலையத்தில் நடைப்பயிற்சி கொடுத்தார்கள். அங்கே அவரைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. ஆட்டோவுக்குள் குனிந்து ஏற அவரால் முடியவில்லை. வாடகைக் கார்களின் இருக்கை தாழ்வு, உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அம்பாசிடரின் பின்கதவு அகலம், இருக்கை நாற்காலி உயரம். அக்கா அவரைத் திருப்பி உட்காரவைத்து, கால்கள் இரண்டையும் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். ஆக, அக்கா கார் ஓட்டினால் அத்தான் நடை பழகுவார். ஓட்டாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு மழை நாளில் அந்த விஷயத்துக்கே ஆபத்து வந்தது. தி.நகர் சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். அக்கா நிதானமாகக் கடந்துவிட்டார். பக்கத்தில் நான், பின்னால் அத்தான். ஆனால் தேனாம்பேட்டை சிக்னலில் மிதித்தபோது பிரேக் பிடிக்கவில்லை. அக்கா மறுபடி மறுபடி மிதித்தார், கியரைக் குறைத்தார், கை பிரேக்கை இழுத்தார். வண்டி பாட்டுக்கு ஊர்ந்துபோய் முன்னால் நின்ற பேருந்தின் பின்பக்கத்தில் முட்டி நின்றது. பேருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கள் பம்பருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தான் மட்டும் இருக்கையிலிருந்து சரிந்து கால் வைக்கும் பள்ளத்தில் விழுந்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போது அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஸ்ரீதர் அன்றே போனில் கத்தினான். "அம்மா, காரை வித்துடு. இல்லேன்னா நான் வந்து விக்கறேன்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றே வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிரேக்தானே பிரச்சினை? பிரேக்கை மாத்தறேன். நீயே வந்து உட்கார்ந்து பாரு. உனக்குப் பிடிக்கலேன்னா சாவியைக் குடுத்துடறேன்" என்றார். இதுதான் தாய்க்கும் மகனுக்கும் இருந்த ஒப்பந்தம். நான் சாட்சி.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள் ஷெட் வைத்திருக்கும் எட்டியப்பன்தான் எப்போதும் அந்தக் காரைப் பார்த்துவந்தவர். அவரிடம் போனோம்.

"டிரம் பிரேக்கு மூடி போட்ட சட்டி மாரிம்மா. தண்ணி உள்ள பூந்துச்சுன்னா அங்கியே குந்திக்கினு இருக்கும். லைனிங் ஈரமாயிட்டா எங்க புடிக்கும்? டிஸ்க்கு தொறந்த தட்டு. சுத்தற சுத்துல ஒதறிட்டுப் பூடும்" என்றார் எட்டியப்பன்.

"இந்தக் காருக்கு டிஸ்க் பொருந்துமா?" என்று அக்கா கேட்டார்.

"பின்னாடி வந்த மாடலுங்கள்ல முன்னாடி டிஸ்க்கு கீதும்மா. புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்கள்ல அந்த செட்ட அப்டியே எத்துகினு வந்துடறேன். மாஸ்டர் சிலிண்டர மாத்தணும், பூஸ்டர் ஒண்ணு போடணும். பின்சக்கரம் ரெண்டும் டிரம்மே கெடக்கட்டும்."

பழைய பிரேக் கெட்டது என்றால் கெட்டதை ரிப்பேர் செய்வதுதானே? வேறொரு வண்டியின் உறுப்பை எடுத்து இதற்கு வைப்பதா? வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு மறுநாள் மறுபடி ஷெட்டுக்குப் போனேன். பழைய இரும்பு விரிசல் விட்டிருந்தால்? முன்சக்கரம் பிடித்துப் பின்சக்கரம் வழுக்கினால்? இப்படி மாற்றுவதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டுமா? இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்வான்? எட்டியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் நீ, பெரிய ஆஸ்பத்திரில ஆபரேசனுக்கு கையெயுத்து போட வந்த மாரி கேக்கற? வண்டி நிக்கணும், அவ்ளோதானே? நான் நிக்க வெக்கறேன். நீ வூட்டுக்குப் போய் காபி சாப்டு."

நான் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வாரமும் தினம் ஒருமுறை அந்த ஷெட்டுக்குப் போய் நின்றேன். ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் அது கெட்டுப்போகாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

கடைசி நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் நான் மயிலாப்பூரில் ஆஞ்சநேயரைப் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் போய்விட்டு, இலையில் மடித்துக் கொடுத்த செந்தூரத்தோடு ஷெட்டுக்கு வந்தேன். வலப்பக்கச் சக்கரம் மாட்டியாகிவிட்டது. இடப்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. டிஸ்க் என்ற அந்த இரும்புத் தட்டு, புதிதாகக் கடைந்து பளபளவென்று இருந்தது. எட்டியப்பன் அதைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, "சார், இதும்மேல கை வெச்சுடாத. கைல கீற எண்ணெ பட்டா கூட ஆவாது" என்று சொல்லிவிட்டு, பிரேக் ஆயில் வாங்கக் கடைக்குப் போனார்.

நான் தனியாக நின்றேன். நாளைக் காலையில் அக்கா இதில் ஏறப்போகிறார். ஸ்ரீதர் பின்னால் உட்கார்ந்து பார்க்கப்போகிறான். அடுத்த நாளே அத்தான் ஏறுவார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு புது வண்டி வாங்கினால் பூஜை போடுகிறோம், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நான்கு உயிர்களைக் காப்பாற்றப்போகிற இந்தத் தட்டுக்கு யார் என்ன செய்தார்கள்? இலையைப் பிரித்தேன். வெளிப்பக்கம் வைத்தால் எட்டியப்பன் துடைத்துவிடுவார் என்று கையை உள்ளே விட்டு, தட்டின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து மூன்று விரலால் இழுத்தேன். போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

ஆஞ்சநேயர் செந்தூரம் எண்ணெயில் குழைத்தது. பிறந்ததிலிருந்து அதை நெற்றியில் இட்டுக்கொள்கிறேன், விரலில் ஒட்டும் பிசுக்கைத் தினமும் துண்டில் துடைக்கிறேன். எண்ணெய்க் கை படக் கூடாது என்று எட்டியப்பன் சொல்லிவிட்டுப்போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அது எண்ணெய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய் என்றால் சமையலறையில் இருப்பது. இது சாமி பிரசாதம்.

ஆம், பிரேக்கில் செந்தூரம் வைத்தது நான்தான்.

சற்று நேரத்தில் எட்டியப்பன் வந்து சக்கரத்தை மாட்டினார். பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார். அக்கா பிளாஸ்கில் காபி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். எட்டியப்பன் சந்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "லேசா வலது பக்கம் இஸ்துக்குது. பேடு புச்சு, தேய்ஞ்சு ஒக்காந்தா சரியாப் பூடும்" என்றார். வலம் போகிறதே என்று எனக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. பாருங்கள் என் புத்தியை.

ஞாயிறு காலை. அக்கா ஓட்டினார். பக்கத்தில் நான், பின்னால் பரீட்சை நடத்த வந்தவனைப்போல ஸ்ரீதர். கிரீன்வேஸ் சாலை காலியாக இருந்தது. அக்கா இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்துப் பார்த்தார். முகத்தைக் கொஞ்சம் சுளித்தார். அப்போது பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் திடீரென்று குறுக்கே வந்தது. அக்கா அழுத்தி மிதித்தார். வண்டி நேராக நிற்காமல், யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல வலது பக்கம் வெட்டியது. எதிரே ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் ஒரு கை இடைவெளி இருக்கும்போது வண்டி நின்றது. ஆட்டோவுக்குள் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"யம்மா! இன்னாம்மா ஓட்ற? வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று ஆட்டோக்காரர் கத்தினார். அதற்கு மேலும் கத்தினார், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அக்கா இறங்கிப் போய் அந்தக் குழந்தைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து, வண்டியைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அக்கா அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"போதும்மா" என்றான் ஸ்ரீதர்.

மறுநாள் காலை நான்கு பேரும் ஷெட்டில் இருந்தோம். ஸ்ரீதருக்குக் கோபம் அடங்கவில்லை. "என்ன வேலை செஞ்சிருக்கீங்க? எங்கம்மா உயிரோட விளையாடறீங்களா? பழைய இரும்பைக் கொண்டுவந்து மாட்டிட்டு..." என்று எட்டியப்பனைப் பிடித்துக்கொண்டான். எட்டியப்பன் முகம் இறுகி, ஜாக்கியைப் போட்டு, இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, தட்டை இருபுறமும் கவ்வும் பேடு இரண்டையும் வெளியே எடுத்தார். உட்புறப் பேடு சிவப்பாக இருந்தது. விரலால் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இன்னா இது? செந்தூரம்! எண்ணெ ஊறிப் போயி கீது. இந்தப் பக்கம் வழுக்குது, அந்தப் பக்கம் புடிக்குது, வண்டி திரும்பாம இன்னா பண்ணும்? யார் வெச்சது இத்த?"

என் நெற்றியில் அன்று காலை இட்டுக்கொண்ட செந்தூரம் இருந்தது. சட்டைப் பையிலும் கறை இருந்தது. சொல்ல வேண்டும், இதோ சொல்கிறேன் என்று நினைக்கிறேன், நாக்கு எழவில்லை. அந்த ஆட்டோவில் இருந்த இரண்டு குழந்தைகள் கண் முன்னால் வந்து நிற்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் கவனக்குறைவைக் கோப்பில் எழுதியவன் நான்.

"நான்தான் வெச்சேன்" என்றார் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"சனிக்கிழமை காபி கொண்டாந்தப்போ வெச்சேன். சாமியை நெனச்சுக்கிட்டு வெச்சுட்டேன்."

ஸ்ரீதருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "பிரேக்குல எண்ணெ படக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? நாப்பது வருஷமா ஓட்டறே!"

"தெரியாமப் போச்சுடா."

தன் கையாலேயே பிளக்கைத் துடைத்துப் போட்டவர், கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர், கோயிலுக்கே வருடத்துக்கு நான்கு முறை மட்டும் போகிறவர் "தெரியாமப் போச்சு" என்றார். காபி கொண்டுவந்தபோது சக்கரம் மாட்டியாகிவிட்டதே, உள்ளே எப்படி வைத்தாய் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர் எட்டியப்பன். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். பேட்டைத் துணியில் சுற்றிக் கீழே வைத்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதே. உனக்கு வயசாயிடுச்சு. நீயே சொன்னபடி சாவியைக் குடுத்துடு" என்றான் ஸ்ரீதர். குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். அக்கா கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து எட்டியப்பன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "சார், நான் வாய மூடிக்கினு கீறேன். அம்மா சொன்னத நான் இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா இது நல்லா இல்ல சார்" என்றார்.

புதுப் பேடு போட்டு, தட்டைத் துடைத்து, வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது அவர் அக்காவிடம், "ஒரு தபா நீயே ஓட்டிப் பாரும்மா. என் வேலைய நீ பாக்காம நான் போவ மாட்டேன்" என்று வற்புறுத்தினார். அக்கா பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் ஓட்டினார். நானும் இருந்தேன். முந்தின நாள் மழையில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் இறக்கி ஏற்றி, உடனே மிதித்தார். வண்டி அப்படியே நேராக நின்றது.

"பாத்தியா! நூல் புடிச்சாப்ல நிக்குது" என்றார் எட்டியப்பன்.

அக்கா இன்னொரு முறை ஓட்டி இன்னொரு முறை நிறுத்தினார். "அருமையா இருக்கு எட்டியப்பன். என் ஆயுசுல இப்படி ஒரு பிரேக்கை மிதிச்சதில்லை" என்றார். வீட்டு வாசலில் இறங்கி, ஸ்ரீதர் ஏற்பாடு செய்திருந்த டிரைவரிடம் சாவியைக் கொடுத்தார். அதன்பிறகு அவர் அந்த இருக்கையில் உட்காரவே இல்லை.

டிரைவர்கள் வந்தார்கள், போனார்கள். அத்தானைத் தூக்கி வைக்கும் பக்குவம் யாருக்கும் வரவில்லை. ஒருவர் அவசரத்தில் காலை இடித்துவிட்டார். மூன்று நாள் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, கடைசியில் வீட்டுக்கே ஒருவர் வந்து கையையும் காலையும் அசைத்துவிட்டுப் போகிறார். அத்தான் இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவர் நடந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

செந்தூரக் கதை மட்டும் நன்றாக ஓடியது. ஒரு மாதத்தில் உறவு முழுக்கப் பரவிவிட்டது. தி.நகரில் நடந்த கல்யாணத்தில், "பெரியம்மா கார்ல ஆஞ்சநேயர்தான் பிரேக் போடறாராம்" என்று யாரோ சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அன்று சிரித்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்காமல் இல்லை. எத்தனையோ முறை அதற்கென்றே அக்கா வீட்டுக்குப் போனேன். "வா தம்பி, சாப்பிட்டியா?" என்பார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். பெங்களூருக்கு இரண்டு முறை போன் செய்து, ஸ்ரீதரிடம் வெயில் எப்படி, மழை எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். பிரேக்கைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு ஈரலில் நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆறு வாரம் அடையாற்றில் மருத்துவமனையில் இருந்தார். வலியைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அத்தானுக்கு மாத்திரை எந்த டப்பாவில், மின்சாரப் பலகையில் எந்த சுவிட்ச் இறுக்கம் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம் அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"அக்கா, அன்னிக்கு அந்தச் செந்தூரம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா" என்றார்.

"தெரிஞ்சுமா நீ..."

"உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் அங்கேயே விழுந்திருப்ப. சரி, இன்னிக்குப் பழியை நான் ஏத்துக்கறேன், நாளைக்கு இவனே ஸ்ரீதர்கிட்ட சொல்லிடுவான்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நாளைக்கு, நாளைக்குன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீதர் வந்தான். "என்ன மாமா, அழறீங்களா? அம்மா முன்னாடி அழலாமா?" என்றான். அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு நான்காம் நாள் போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அத்தானை ஒருநாளும் தனியாக விடாத பக்கத்து வீட்டாருக்கும், அக்கா வீட்டில் அடுப்பு மூட்டாத பதினாறு நாளும் சோறு அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எட்டியப்பன் அவர்களுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும், அதோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அவர் மாற்றிய பிரேக் இன்றும் நன்றாகப் பிடிக்கிறது. உங்களில் யாராவது அவர் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகத் தயங்கியிருந்தால், இனித் தயங்க வேண்டாம்.

ஸ்ரீதர், அன்று வண்டி வலப்பக்கம் திரும்பியது உன் அம்மாவுக்கு வயதானதால் அல்ல. அவருக்குத் தெரியாதது எதுவும் அந்த வண்டியில் இல்லை. அவர் கையிலிருந்து சாவியை நீ வாங்கவில்லை, நான் வாங்கினேன். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் அச்சில் சொல்கிறேன். நீ அச்சகத்தில் நேராகக் கொடுக்கச் சொன்னதைப் பயன்படுத்திக்கொண்டேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அத்தானுக்கு இதை யாராவது மெதுவாக, இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

இந்த மலரை மண்டப வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தவன் நான்தான். நீங்கள் இந்தப் பக்கத்துக்கு வரும்போது நான் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். யாராவது உள்ளே கூப்பிட்டால் வருகிறேன்.